முகாமில் துப்புரவுப் பழக்கங்களை மாற்ற எந்த வழி? நான்கு அணுகுமுறைகளின் ஒப்பீடு

கழிப்பறைகள் கட்டியாயிற்று, தண்ணீர்த் தொட்டிகள் நிறுவியாயிற்று, குடும்பத்துக்கு இத்தனை என்று சோப்பும் கொடுத்தாயிற்று. ஆனாலும் இடம்பெயர்ந்தோர் முகாமின் ஓரத்துப் புதர்களில் மலம் கிடக்கிறது, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. நிவாரணப் பணியில் பொறுப்பேற்கும் பலரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். திட்ட ஆவணத்தில் ‘மக்கள் பங்கேற்புடன் நடத்தை மாற்றம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நிறைவேற்ற நான்கு விதமான வழிகள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கையேடுகள் இருக்கின்றன, பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், தங்கள் வழியே சிறந்தது என்று வாதாடும் ஆதரவாளர்களும் இருக்கிறார்கள். கையில் இருப்பதோ சில மாதங்களுக்கான நிதியும் சில பணியாளர்களும் மட்டுமே. எதைத் தேர்வது என்ற குழப்பம் நியாயமானதுதான்.

இந்தக் கட்டுரை அந்த நான்கையும் ஒரே அளவுகோல்களால் எடைபோடுகிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வழியைத் தேர்ந்தாலும், மக்கள் சொல்வதைக் கேட்டு நாம் எதை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. மக்களின் நடத்தை மட்டும் மாற வேண்டும், நிறுவனம் தன் போக்கிலேயே இருக்கும் என்ற ஏற்பாட்டில் நான்கு வழிகளுமே தோற்கும்.

## ஒப்பிடுவதற்கு முன் ஒரு நிபந்தனை

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் அன்றைய ஸயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரைச் சுற்றித் தஞ்சம் புகுந்தார்கள். முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர். பெரும்பாலான இறப்புகளுக்குக் காலராவும் பிற வயிற்றுப்போக்கு நோய்களும் காரணம். எரிமலைப் பாறை நிலத்தில் குழி தோண்ட முடியவில்லை, சுத்தமான தண்ணீர் போதவில்லை. அங்கே மக்களுக்குக் குறைவாக இருந்தது விழிப்புணர்வு அல்ல; தண்ணீரும் கழிப்பறையும்தான்.

ஆகவே நடத்தை மாற்றத்துக்கான வழியைத் தேடுமுன், குறைந்தபட்ச வசதி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மனிதநேயப் பணிகளுக்கான ஸ்ஃபியர் தரநிலைகள் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 500 மீட்டருக்குள் தண்ணீர் எடுக்கும் இடம், தொடக்கக் கட்டத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, பின்னர் 20 பேருக்கு ஒன்று, குளிக்க மாதம் ஒருவருக்கு 250 கிராம் சோப்பு என்று வரையறுக்கின்றன. இவற்றில் பாதிகூட எட்டாத இடத்தில் பிரசாரத்துக்குப் பணம் ஒதுக்குவது, தாகத்தோடு வரிசையில் நிற்பவரிடம் தண்ணீரின் அருமையைச் சொல்வதற்கு ஒப்பாகும். அந்த நிலையில் இருப்பவர்கள் இந்த ஒப்பீட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, நிதியை முதலில் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் திருப்புவதே சரி.

வசதி இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஒடிசாவின் ஊரகப் பகுதியில் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், கழிப்பறை உள்ள வீடுகளின் விகிதம் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. கட்டிய கழிப்பறையை வீட்டார் எல்லோரும் பயன்படுத்தவில்லை என்பது அதற்கு முக்கியமான விளக்கங்களில் ஒன்று. இந்த இடைவெளியை நிரப்பத்தான் கீழே வரும் நான்கு வழிகளும் முயல்கின்றன.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது?

முதலாவது, காலம். மக்கள் இந்த இடத்தில் இன்னும் எத்தனை மாதம் சேர்ந்து இருப்பார்கள், நாம் எத்தனை மாதம் இருப்போம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை வேண்டும். ஆறு மாதப் பாடத்திட்டத்தை மூன்று மாத நிதியில் தொடங்குபவர்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்காதவர்கள்.

இரண்டாவது, நிலமும் அதிகாரமும். குழி தோண்ட, இடம் மாற்ற, கதவை வேறு பக்கம் திருப்பி வைக்க அந்த மக்களுக்கு உரிமை உண்டா? முகாம் நிர்வாகம் அனுமதிக்காத ஒன்றைச் செய்யும்படி மக்களைத் தூண்டுவது அவர்களை ஏமாற்றுவதாகும்.

மூன்றாவது, தடை எங்கே இருக்கிறது என்பது. தெரியாமையா, வசதிக்குறைவா, பழக்கமா, அவநம்பிக்கையா? இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. பெரும்பாலான திட்டங்கள் தெரியாமை என்று ஊகித்துக்கொண்டு தொடங்குகின்றன. களத்தில் பெரும்பாலும் மற்ற மூன்றில் ஒன்றே தடையாக இருக்கிறது.

நான்காவது, மக்களின் கண்ணியத்துக்கு நேரக்கூடிய தீங்கு. ஐந்தாவது, வரவுசெலவுத் திட்டத்தில் தெரியாத செலவுகள்: பெண்களின் நேரம், தன்னார்வலர்களின் ஊக்கத்தொகை, மொழிபெயர்ப்பு, அனுபவமுள்ள பணியாளர்களின் தட்டுப்பாடு. ஆறாவது அளவுகோலை மேலேயே சொல்லிவிட்டேன்: மக்களின் பதிலுக்கேற்ப எதை மாற்ற நமக்கு அதிகாரம் இருக்கிறது என்பது.

## வழி 1: செய்தியைப் பரப்புதல்

ஒலிபெருக்கி, வானொலி, சுவரொட்டி, துண்டுப் பிரசுரம், வீடு வீடாகச் சென்று சொல்லும் தன்னார்வலர்கள், சுகாதாரப் பொருள் பை வழங்கும்போது ஐந்து நிமிடப் பேச்சு ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். சில நாள்களில் தொடங்கிவிடலாம், பல்லாயிரம் பேரை எட்டலாம், எத்தனை பேரை எட்டினோம் என்று எண்ணிக் காட்டுவதும் எளிது. அறிக்கை எழுதுவோருக்குப் பிடித்த வழி இது.

இது உண்மையாகவே பயன்படும் இடம் ஒன்று உண்டு: மக்களுக்குத் தெரியாத புதிய தகவலை உடனே சேர்க்க வேண்டியபோது. 2010 அக்டோபரில் ஹெய்ட்டியில் காலரா தொடங்கியது. அதற்கு முந்தைய நூறாண்டில் அந்த நாட்டில் காலரா பதிவானதில்லை. அதன் அறிகுறி எப்படியிருக்கும், எத்தனை மணி நேரத்தில் ஆள் சாகக்கூடும், உப்புச் சர்க்கரைக் கரைசலை எப்படித் தயாரிப்பது, சிகிச்சை மையம் எங்கே என்பவை எல்லாம் அந்த மக்களுக்கு உயிர்காக்கும் செய்திகளாக இருந்தன. அத்தகைய வேளையில் வானொலியைவிட வேகமான கருவி இல்லை.

பழக்கத்தை மாற்றும் வேலையை இதனிடம் ஒப்படைத்தால் நிலைமை வேறு. கை கழுவுவதையும் துப்புரவையும் ஊக்குவிக்கும் வழிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2017இல் கேம்ப்பெல் கூட்டமைப்பு வெளியிட்ட தொகுப்பு, செய்தி சொல்லும் முறையால் கை கழுவுவதில் ஏற்படும் மாற்றம் நீண்ட காலம் நிலைப்பதில்லை என்றும், சமூகத்தை மையமாகக் கொண்ட முறைகள் நம்பிக்கையளிக்கின்றன என்றும் கண்டது. சோப்பால் கை கழுவ வேண்டும் என்று தெரியாதவர்கள் இன்று முகாம்களில் மிகக் குறைவு. தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் கொஞ்ச நாளில் தன்னார்வலரைக் கண்டதும் கூடாரத்துக்குள் போய்விடுகிறார்கள்.

மறைவான செலவுகளில் முதலாவது மொழி. 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு வந்தபோது, அவர்கள் மொழியும் உள்ளூர்ச் சிட்டகாங் மொழியும் ஏறத்தாழ ஒன்றே என்று நிவாரண அமைப்புகள் கருதின. மொழிபெயர்ப்பாளர் அமைப்பொன்று சோதித்துப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு எளிய சிட்டகாங் மொழிச் செய்திகூடப் புரியவில்லை. அந்த மக்களிடையே பரவலாக வழங்கும் எழுத்து வடிவமும் இல்லை என்பதால், சுவரொட்டிகளின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது செலவு பெரியது. செய்தி தவறானால் அது நம்பிக்கையைத் தின்றுவிடும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, ‘எபோலாவுக்கு மருந்தில்லை’ என்ற செய்தி எங்கும் ஒலித்தது. மக்களை எச்சரிக்கவே அப்படிச் சொன்னார்கள். கேட்டவர்களோ, மருந்தில்லாத நோய்க்கு மருத்துவமனைக்கு ஏன் போக வேண்டும் என்று மிகச் சரியாகவே கேட்டுக்கொண்டு, நோயாளிகளை வீட்டிலேயே மறைத்துவைத்தார்கள்.

## வழி 2: பங்கேற்புக் கற்றல்

மக்களே தங்கள் நிலைமையை ஆராய்ந்து, தடைகளைக் கண்டு, திட்டமிட்டுச் செய்ய உதவும் வழி இது. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியோடு இணைந்த தண்ணீர்–துப்புரவுத் திட்டமும் 1990களில் உருவாக்கிய ஃபாஸ்ட் என்ற முறை இதில் பெயர்பெற்றது. போட்ஸ்வானா, கென்யா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஏழு படிகள் கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜிம்பாப்வேயில் தொடங்கிய சமூகச் சுகாதாரக் குழுக்கள் இதன் நெருங்கிய உறவு: வாரம் ஒரு கூட்டம், ஒவ்வொருவருக்கும் ஓர் உறுப்பினர் அட்டை, ஏறத்தாழ ஆறு மாதப் பாடத்திட்டம்.

இதன் வலிமை எங்கே இருக்கிறது என்பதை ஒரு பயிற்சியைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ‘மூன்று குவியல்’ என்று அதைச் சொல்வார்கள். அன்றாடக் காட்சிகள் வரைந்த படங்களைக் கொடுத்து, நல்லவை, கெட்டவை, இரண்டுக்கும் நடுவில் உள்ளவை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்வார்கள். மூடியில்லாத பானை கெட்ட குவியலுக்குப் போகும்; அதில் தகராறு வராது. குழந்தையின் மலத்தை அள்ளிக் குப்பையில் போடும் தாயின் படம் வந்ததும் பேச்சு சூடுபிடிக்கும். கைக்குழந்தையின் மலத்தில் நோய் இல்லை என்பார் ஒருவர்; இருட்டில் கழிப்பறைக்கு எடுத்துச் செல்ல முடியாதே என்பார் மற்றவர்; அந்தக் கழிப்பறையில் தண்ணீர் ஏது என்பார் மூன்றாமவர். படத்தை எங்கே வைப்பது என்பதில் உடன்பாடு வருவதற்குள், எந்த ஆய்வுப் படிவத்திலும் கிடைக்காத மூன்று தகவல்கள் கிடைத்துவிடுகின்றன. அவற்றை அந்தக் குழுவின் நடத்துநர் எழுதிக்கொள்கிறாரா, பொறியாளரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பலவீனங்கள் தெளிவானவை. நேரம் பிடிக்கும், திறமையான நடத்துநர்கள் தேவை, படங்கள் அந்த மக்களின் உடை, வீடு, பாத்திரம் ஆகியவற்றோடு பொருந்த வேண்டும் என்பதால் புதிதாக வரைய வேண்டியிருக்கும். பல நாள் பயிற்சிகளைப் பாதியாகக் குறுக்கி அவசரகாலத்தில் பயன்படுத்தும்போது, ஆராயும் பகுதி கழன்றுபோய் பாடம் சொல்லும் பகுதி மட்டும் மிஞ்சிவிடுகிறது. அப்போது அது வழி 1 ஆகவே ஆகிவிடுகிறது, செலவு மட்டும் கூடுதலாக. ருவாண்டாவின் ருசிசி மாவட்டத்தில் சமூகச் சுகாதாரக் குழுக்களை 20 கூட்டங்களாகவும் சுருக்கமாக 8 கூட்டங்களாகவும் நடத்திப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு, இரண்டிலுமே குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை என்று கண்டது. குழுவை அமைப்பது ஒன்று, அது உயிரோடு இயங்குவது வேறொன்று என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

வரவுசெலவில் காணாத பெருஞ்செலவு பெண்களின் நேரம். கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். தண்ணீர் எடுப்பதும், விறகு சேர்ப்பதும், நிவாரண வரிசையில் நிற்பதும் அவர்களே. வாரம் இரண்டு மணி நேரத்தை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஆண்களை ஒரு கூட்டத்துக்கும் அழைக்காமல், ‘சமூகப் பங்கேற்பு நடந்தது’ என்று எழுதுவது நேர்மையாகாது.

நீண்டகால முகாம்களுக்கு இதுவே என் முதல் தெரிவு. ஆண்டுக்கணக்கில் ஒரே அண்டை அயலாரோடு வாழப்போகும் மக்களுக்கு, கழிப்பறையைச் சுத்தம் செய்யும் முறைவைப்பு, குழாயடித் தகராறு, கிணற்றைச் சுற்றிய சேறு ஆகியவற்றைப் பேசித் தீர்க்கும் அமைப்பு எப்படியும் தேவைப்படுகிறது. சுகாதாரக் குழு அந்த அமைப்பாக மாற முடியும்.

## வழி 3: சமூகத் தூண்டல்

2000ஆம் ஆண்டையொட்டி வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி மாவட்டத்திலுள்ள மோஸ்மொயில் கிராமத்தில் இந்திய வளர்ச்சித் திட்ட ஆலோசகர் கமல் கர் தொடங்கிவைத்த முறை இது. ‘சமூகம் வழிநடத்தும் முழுமையான துப்புரவு’ என்பது அதன் பெயர். மானியம் கிடையாது, கட்டித் தருவதும் கிடையாது. ஊர் மக்களே தரையில் ஊர் வரைபடம் வரைந்து, யார் எங்கே மலம் கழிக்கிறார்கள் என்று மஞ்சள் பொடியால் குறிப்பார்கள். பிறகு எல்லோரும் அந்த இடங்களுக்கு நடந்து போவார்கள். ஒரு முடியை மலத்தில் தொட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்து, ‘யார் குடிக்கிறீர்கள்?’ என்று நடத்துநர் கேட்பார். ஒருவரும் வாங்க மாட்டார்கள். ஈயின் கால்கள் இதையேதான் நம் சோற்றில் செய்கின்றன என்பது அந்தக் கணத்தில் எல்லோருக்கும் உறைக்கும். அருவருப்பிலிருந்து பிறக்கும் கூட்டு முடிவுதான் இந்த முறையின் எஞ்சின்.

நிலையான கிராமங்களில் இதற்குப் பலன் உண்டு. மாலி நாட்டில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், தூண்டல் நடந்த ஊர்களில் 65 சதவீத வீடுகளிலும், நடக்காத ஊர்களில் 35 சதவீத வீடுகளிலும் சொந்தக் கழிப்பறை இருந்தது. வயிற்றுப்போக்கு குறையவில்லை, ஆனால் குழந்தைகளின் வளர்ச்சி ஓரளவு மேம்பட்டிருந்தது.

முகாமுக்கு இதை அப்படியே கொண்டுவருவதை நான் எதிர்க்கிறேன். காரணம் மூன்று. நிலம் அவர்களுடையதன்று, தோண்டு என்று தூண்டிவிட்டு, தோண்டக் கூடாது என்று நிர்வாகம் தடுத்தால் அந்த ஆவேசம் எங்கே போகும்? அடுத்த வரிசையில் வேறொரு நிறுவனம் இலவசமாகக் கட்டித் தரும்போது, இங்கே மட்டும் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பதை எவரும் ஏற்க மாட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வெட்கத்தைக் கருவியாக்குவது. வீட்டையும் உறவையும் இழந்து, அடுத்தவர் கொடுப்பதை வாங்கிப் பிழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவர்களை, அவர்கள் மலத்தின் முன் நிறுத்தி வெட்கப்பட வைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. கிராமங்களிலேயே இந்த முறை சில இடங்களில் அபராதமாகவும், பொதுவெளி அவமதிப்பாகவும், மிரட்டலாகவும் திரிந்திருக்கிறது. அதிகாரம் ஏற்றத்தாழ்வோடு இருக்கும் முகாமில் அப்படித் திரிவதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். முதியவர்கள், உடல் ஊனமுற்றோர், தனித்து வாழும் பெண்கள் ஆகியோரால் சொந்தமாகக் குழி தோண்ட முடியாது. ஊர் அவர்களுக்கு உதவும் என்பது ஊர் ஊராக இருக்கும்போதுதான்.

இரண்டு சூழல்களில் இது மற்ற மூன்றையும் மிஞ்சும். ஒன்று, போரோ வெள்ளமோ தணிந்து மக்கள் சொந்த ஊருக்குத் திரும்பி வீடு கட்டத் தொடங்கும் கட்டம். நிலம் சொந்தம், அயலார் பழையவர்கள், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும் மனநிலை. இரண்டு, தூண்டலின் உள்ளீடான கூட்டுத் தீர்மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெட்கத்தை விட்டுவிடும்போது. சியரா லியோனில் எபோலாக் காலத்தில் இந்த முறையைத் தழுவி, ஊர்களே தங்கள் செயல்திட்டத்தைத் தீட்டும் அணுகுமுறை ஒன்று உருவானது. 2,000-க்கும் மேற்பட்ட சமூக ஊக்குநர்கள் ஊர் ஊராகச் சென்றனர். நோய் வந்தால் யாரிடம் தெரிவிப்பது, அடக்கத்தை எப்படி நடத்துவது, வெளியூரிலிருந்து வருபவரை என்ன செய்வது என்பதை ஊரே முடிவுசெய்தது.

## வழி 4: சூழலையும் உணர்வையும் கொண்டு மாற்றுதல்

மக்கள் செய்யும் பல செயல்கள் யோசித்துச் செய்பவை அல்ல என்பதிலிருந்து இந்த வழி தொடங்குகிறது. கை கழுவும் இடம் கழிப்பறையிலிருந்து திரும்பும் பாதையிலேயே இருக்கிறதா, சோப்பு கண்ணில் படுகிறதா, கை கழுவுவது இனிமையாக இருக்கிறதா என்பவை அறிவுரையைவிட வலுவானவை. வங்கதேசத்தின் இரண்டு பள்ளிகளில், கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை வண்ணப் பாதையும் கால்தடங்களும் வரைந்தார்கள்; ஒரு வார்த்தையும் சொல்லாமலே, கழிப்பறைக்குப் பின் சோப்பால் கை கழுவும் பிள்ளைகள் 4 சதவீதத்திலிருந்து 68 சதவீதமாகவும், ஆறு வாரங்களுக்குப் பின் 74 சதவீதமாகவும் ஆனார்கள். ஈராக்கில் இடம்பெயர்ந்தோர் முகாமொன்றில், கண்ணாடிபோன்ற சோப்புக் கட்டிக்குள் ஒரு பொம்மையை வைத்துக் கொடுத்தார்கள். கை கழுவக் கழுவப் பொம்மை வெளியே வரும். சாதாரணச் சோப்பு பெற்ற குழந்தைகளைவிட இவர்கள் கை கழுவும் வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது. சிறிய ஆய்வுதான், குறுகிய காலத்துக்குத்தான். ஆயினும் நோயைப் பற்றிய ஒரு சொல்கூட அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவசரகாலத்துக்காகவே லண்டன் சுகாதார–வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி, ஆக்‌ஷன் அகெய்ன்ஸ்ட் ஹங்கர், காஸ்ட் ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து ‘வாஷ்எம்’ என்ற முறையை உருவாக்கியுள்ளன. ஐந்து சிறு கருவிகள் கொண்டது. சில நாள்களில் நிலைமையை அறிந்து, அதற்கேற்ற செயல்பாடுகளைத் தேர்ந்துகொள்ளலாம். அவற்றுள் எனக்கு மிகவும் மதிப்பு உள்ள கருவி, ‘நீங்கள் கை கழுவுவதைக் காட்டுங்கள்’ என்று கேட்பது. கேட்டதும் தாய் எழுந்து கூடாரத்துக்குள் போவார். சோப்பு குழந்தைகள் வீணாக்காதபடி மேலே கட்டிய பைக்குள் இருக்கும், அதை அவிழ்ப்பார். தண்ணீர்க் கேன் வேறு மூலையில் இருக்கும். அதை ஒரு கையால் சாய்த்தால் மறு கையைத்தான் கழுவ முடியும் என்பதால் மகளை அழைப்பார். மகள் ஊற்றும் தண்ணீர் கூடாரத் தரையை நனைக்கும் என்று வெளியே வருவார்கள். கை கழுவி முடிப்பதற்குள் இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். இதைக் கண்ணால் பார்த்த பணியாளர் அதற்குப் பிறகு கிருமிகளைப் பற்றி விரிவுரை ஆற்ற மாட்டார். குழாய் பொருத்திய வாளியும், அதோடு கட்டித் தொங்கும் சோப்பும் கேட்டு அலுவலகத்துக்கு எழுதுவார்.

இந்த வழியின் குறை, மக்களின் பங்கு மெலிதாக இருப்பது. அறிந்துகொள்வது நாம், வடிவமைப்பது நாம், மாறுவது அவர்கள் என்ற வரிசை இதில் ஒளிந்திருக்கிறது. கை கழுவுதல் போன்ற தனியொரு செயலுக்கு அது பெரிய பிழையில்லை. பொதுக் கழிப்பறையை யார் பராமரிப்பது, குழி நிரம்பினால் யார் எடுப்பது போன்ற கூட்டுச் சிக்கல்களை வரைந்த கால்தடங்கள் தீர்க்காது. மறைவான செலவு பராமரிப்பு: வண்ணம் மங்கும், வாளிக் குழாய் உடையும், சோப்புக்குள் பொம்மை வைக்கும் ஏற்பாடு நிதி முடிந்ததும் நின்றுபோகும்.

## நான்குக்கும் கீழே இருப்பது: கேட்டல்

இதை ஐந்தாவது வழியாக எண்ணாததற்குக் காரணம், இது இல்லாமல் நான்கில் ஒன்றும் நடக்காது என்பதே.

மேற்கு ஆப்பிரிக்க எபோலாவில் 28,600-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டு 11,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவரின் உடலைக் கழுவித் தொட்டு வழியனுப்பும் மரபு தொற்றைப் பரப்பியது. ஆகவே, பாதுகாப்பு உடை அணிந்த குழுவினர் உடலைப் பையில் இட்டு எடுத்துச் சென்று புதைத்தார்கள். மருத்துவ நோக்கில் அது சரி. மக்களின் கண்ணில், முகமறியாத ஆள்கள் தங்கள் தாயை எங்கோ கொண்டுபோனார்கள். அதனால் குடும்பத்தார் இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள், நோய் பரவியது. அச்சமும் சினமும் முற்றி, 2014 செப்டம்பரில் கினியின் வோமே கிராமத்தில் விழிப்புணர்வுக் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். மக்களுக்கு இன்னும் நன்றாக எடுத்துச் சொல்வதால் தீரும் சிக்கலாக அது இருக்கவில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம், கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளோடு கலந்து பேசி, ‘பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்’ என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. குடும்பத்தாரிடம் முதலில் பேசுவது, மதப் பெரியவர் தூர நின்று பிரார்த்தனை செய்ய இடம் தருவது, இஸ்லாமியருக்கு உடலைச் சுற்றும் வெள்ளைக் கஃபன் துணி, கல்லறைக்குப் பெயர்ப்பலகை, குடும்பத்தார் உடனிருந்து பார்ப்பது ஆகியவை அதில் இடம்பெற்றன. மக்கள் தொடாமல் வழியனுப்பச் சம்மதித்தார்கள், ஏனெனில் மற்ற எல்லாவற்றிலும் நிறுவனங்கள் விட்டுக்கொடுத்தன. பின்னர் காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2018இல் தொடங்கிய எபோலாப் பரவலின்போது, செஞ்சிலுவைத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் கேள்விகளையும் வதந்திகளையும் குறைகளையும் ஒழுங்காகப் பதிந்து பகுத்தார்கள். அதே பரவலில் அலிமா என்ற மருத்துவ அமைப்பு, வெளியிலிருந்து உறவினர் பார்க்கும்படி ஒளிபுகும் சுவர் கொண்ட சிகிச்சை அறையைப் பயன்படுத்தியது. உள்ளே என்ன நடக்கிறதோ என்ற அச்சத்துக்கு அந்தச் சுவரே விடையாயிற்று.

கழிப்பறை விஷயத்திலும் இதே கணக்குதான். பெண்கள் பயன்படுத்தவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் உள்தாழ்ப்பாள் இல்லாமை, வெளிச்சம் இல்லாமை, கதவு ஆண்கள் கூடும் பாதையை நோக்கியிருப்பது, மாதவிடாய்த் துணியை அலச இடமின்மை. மாலைக்குப் பின் போக வேண்டியிருக்குமே என்று பிற்பகலிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பல முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடத்தை மாற்றம் தேவையில்லை. ஒரு தாழ்ப்பாள் தேவை. தண்ணீரிலும் அப்படியே: குளோரின் வாடை பிடிக்காமல் ஓடை நீரை எடுப்பவர்களிடம் காரணத்தைக் கேட்டால், குழாயடியில் எஞ்சும் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் என்ற வரம்புக்குள்தான் இருக்கிறதா என்று மறுபடி அளந்து பார்க்கத் தோன்றும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | செய்தி பரப்புதல் | பங்கேற்புக் கற்றல் | சமூகத் தூண்டல் | சூழலும் உணர்வும் |
|---|---|---|---|---|
| தொடங்கும் வேகம் | சில நாள் | பல வாரம் | சில வாரம், பின்தொடர்தல் பல மாதம் | சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம் |
| எந்தத் தடைக்கு | தெரியாமை | கூட்டுச் சிக்கல், நீடித்த பழக்கம் | திறந்தவெளியில் மலம் கழித்தல் | மறதி, வசதிக்குறைவு |
| நில உரிமை தேவையா | இல்லை | ஓரளவு | கட்டாயம் | இல்லை |
| கண்ணியத்துக்கு ஆபத்து | செய்தி தவறினால் | குறைவு | அதிகம் | குறைவு |
| மறைவான செலவு | மொழி, நம்பிக்கை இழப்பு | பெண்களின் நேரம், திறமையான நடத்துநர் | நலிந்தோர் மீதான சுமை | பராமரிப்பு |

## எந்தச் சூழலுக்கு எது?

இடப்பெயர்வின் முதல் சில வாரங்களில் வழி 1-ஐயும் வழி 4-ஐயும் சேர்த்துக்கொள்வதே நல்லது. செய்திகளை மூன்று நான்குக்கு மேல் கூட்டக் கூடாது. சிகிச்சை எங்கே, கரைசல் எப்படி, எந்தத் தண்ணீர் குடிக்கத்தக்கது என்பவை போதும். கை கழுவுவதை வாளியிடமும் சோப்பிடமும் அவற்றை வைக்கும் இடத்திடமும் விட்டுவிடலாம்.

அச்சமும் வதந்தியும் மிகுந்த கொள்ளைநோயில், கேட்டலுக்கே பெரும்பங்கு நேரத்தையும் ஆளையும் ஒதுக்க வேண்டும். செய்தி அதற்குப் பின்னால் வர வேண்டும். ஹெய்ட்டியில் காலராவைக் கொண்டுவந்தது ஐ.நா. அமைதிப்படையினரின் முகாம் என்று மக்கள் தொடக்கத்திலேயே சொன்னார்கள், அறிவியல் சான்றுகளும் அதையே காட்டின, ஆனால் ஐ.நா. பொறுப்பை மறுத்துவந்தது, அதன் பொதுச்செயலர் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். அந்த ஆறாண்டுகளும் கை கழுவச் சொல்லிச் சென்ற ஒவ்வொரு பணியாளரும் அந்த மறுப்பின் நிழலிலேயே வேலை செய்ய வேண்டியிருந்தது.

ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் முகாமில் வழி 2, அதற்குத் துணையாக வழி 4. பள்ளிகளிலும் குழந்தைகள் கூடும் இடங்களிலும் வழி 4 மட்டுமே போதும். ஊர் திரும்பியவர்களிடம் வழி 3, ஆனால் நலிந்த வீடுகளுக்குப் பொருளுதவியோடு. மானியமே கூடாது என்ற கண்டிப்பை இங்கே தளர்த்துவதில் தவறில்லை.

ஒரே முகாமில் பல நிறுவனங்கள் இருந்தால், வழியைத் தேர்வதற்கு முன் தன்னார்வலர் ஊக்கத்தொகையை எல்லோரும் கூடி ஒரே அளவாக வைத்துக்கொள்வது அவசியம். ஒருவர் தருவதும் மற்றவர் தராததுமாக இருந்தால், பயிற்சி பெற்றவர்கள் தருபவரிடம் போய்விடுவார்கள். அன்றாடப் பிழைப்புக்கே நேரம் போதாத மக்களை உழைக்கச் சொல்லிவிட்டு அதற்குத் ‘தன்னார்வம்’ என்று பெயரிடுவதில் உள்ள அநீதியும் அந்தக் கூட்டத்தில் பேசப்பட வேண்டும்.

நிதி கேட்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பெரும்பாலான விண்ணப்பங்கள் கழிப்பறைகளின் எண்ணிக்கை, வடிவம், இடம் மூன்றையும் முன்கூட்டியே பூட்டிவிடுகின்றன. பிறகு நடக்கும் கலந்தாய்வில் மக்கள் முடிவுசெய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. 200 கழிப்பறைக்குத் திட்டமிட்டால், முதலில் 40 கட்டி, இரண்டு வாரம் பயன்படுத்தச் சொல்லி, பெண்களிடமும் முதியவர்களிடமும் ஊனமுற்றோரிடமும் தனித்தனியே கேட்டு, வடிவத்தை மாற்றி, மறுபடி கேட்டு, மீதியைக் கட்டுவதாக விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஏற்கெனவே கட்டிய 40-ஐத் திருத்துவதற்கும் தனியே ஒரு தொகையைக் காட்டுங்கள். அந்தத் தொகையை வெட்டச் சொல்லும் நிதி வழங்குநரிடம், இதை வெட்டினால் ‘மக்கள் பங்கேற்பு’ என்ற வரியையும் ஆவணத்திலிருந்து நீக்கிவிட வேண்டியிருக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிடலாம்.